உல்லாசக் கப்பலும் இரணைதீவும்

பழந்தமிழ் நூல்களிலே கடற்பயணம் உண்டு. கடலில் உல்லாசப் பயணம் உண்டா என்று தேடினால் கிடைப்பது அரிது. பொருள் தேடுவோன் கடல் கடக்கிறான். வேந்தன் படை கொண்டு செல்கிறான். பௌத்தத் துறவி பாதபீடிகையை வணங்கச் செல்கிறார். கடல் கடந்து செல்லும் பயணம் மகளிரோடு செல்வதன்று என்று உரையாசிரியர் பொருள் கண்ட சூத்திரம் ஒன்றும் தொல்காப்பியத்தில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் மாதவியும் கடலாடச் சென்றபோதும் கரையிலேதான் அமர்ந்து யாழ் மீட்டினார்கள். இன்பத்தின் எல்லை கரையோடு முடிந்தது. அலைக்கு அப்பால் இருந்தது தொழில், அல்லது துயரம்.

கப்பலில் ஏறுவதையே இன்பமாகக் கொள்ளும் வழக்கம் மிகப் பிந்தியது. அது பிறந்த கதை சுவையானது. ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரத்துக் கப்பற் கம்பனி ஒன்றை நடத்திய அல்பேர்ட் பாலின் என்பவருக்கு ஒரு கவலை இருந்தது. அத்திலாந்திக் சமுத்திரத்தில் ஓடும் பெரிய கப்பல்களுக்கு மாரி காலத்தில் ஆட்கள் சேருவதில்லை. கப்பல்கள் துறைமுகத்தில் சும்மா கிடந்தன. சும்மா கிடக்கும் கப்பலுக்கும் செலவு உண்டு. ஆகவே 1891ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ‘ஒகஸ்ரா விக்டோரியா’ என்ற கப்பலில் வசதி படைத்தோரை ஏற்றி, மத்தியதரைக் கடலைச் சுற்றிக் காட்டி மீண்டும் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பலரும் நகைத்தார்கள், பயணிகளோ மகிழ்ந்தார்கள். 1900இல் இதற்கென்றே ஒரு தனிக் கப்பல் கட்டப்பட்டது. பின்னர் 1958 முதல் ஜெட் விமானங்கள் அத்திலாந்திக்கைச் சில மணித்தியாலங்களில் கடக்கத் தொடங்கவே, அவசரமுள்ளோர் அனைவரும் ஆகாயத்துக்குப் போய்விட்டனர். வேலையற்றுப் போன கப்பல்கள் அவசரமில்லாதோரைத் தேடின; கரிபியன் தீவுகளை நோக்கித் திரும்பின. 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் மூன்று கோடிக்கு மேற்பட்டோர் இவ்வாறு கப்பலேறினர். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ‘ஐகன் ஒவ் த சீஸ்’ என்னும் கப்பலின் நீளம் ஏறத்தாழ 365 மீற்றர். அதில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் ஏறலாம். நமது பக்கத்துச் சிறுதீவுகள் பலவற்றின் குடிசனம் முழுவதையும் சேர்த்தாலும் அக்கப்பலில் இடம் மிஞ்சும்.

இந்த வழக்கம் நமது கரையையும் எட்டிவிட்டது. 2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பலொன்று அம்பாந்தோட்டை, திருகோணமலை ஆகிய துறைகளைத் தொட்டுக் காங்கேசன்துறைக்கும் வந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பற் சேவையும் ஆரம்பிக்கப்பட்டது. சில நாள்களில் நின்றுபோய், 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த காலத்தை நினைவிற் கொண்டிருந்த முதியோர், மறுபடியும் கப்பல் என்ற செய்தியைக் கேட்டு மகிழ்ந்தமை இயல்பே. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் இப்போது கோயில் குளங்களைப் பார்த்து முடித்ததும், “தீவுகளுக்குப் போகலாமா?” என்று கேட்கிறார்கள்.

கிளிநொச்சியில் ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு இக்கேள்வி பழக்கமானது. கிளிநொச்சி என்றால் இரணைமடுக் குளமும், வாய்க்காலும், நெல்வயலும், கண்டி வீதியுமே எவர் மனத்திலும் தோன்றும். உயர்தர வகுப்பு மாணவரிடம் நமது மாவட்டத்துக்குத் தீவு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். மாலைதீவைப் பற்றிச் சொல்லும் மாணவர் பலர், பூநகரிப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்கும் இரணைதீவைச் சொல்லத் தயங்குவர். இரணைமடுவும் இரணைதீவும் ஒரே சொல்லிற் பிறந்த பெயர்கள். இரணை என்றால் இரட்டை. இரண்டு மடுக்களைச் சேர்த்தது இரணைமடு. பக்கத்திற் பக்கமாகக் கிடக்கும் இரண்டு தீவுகள் இரணைதீவு. ஒன்றை நாள்தோறும் காண்கிறோம், மற்றதை மறந்திருக்கிறோம்.

தீவுகளைக் காண விரும்புவோர் முதலில் அறியவேண்டியது நமது கடலின் இயல்பு. பாக்குக் குடா ஆழமற்ற கடல். அதன் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழமும் இல்லாதது. அதனாலேயே பெருங் கப்பல்கள் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகின்றன. உல்லாசக் கப்பல் காங்கேசன்துறை வரை வரலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு என்பவற்றுக்கு அது வராது. அங்கே செல்வதற்கு ஊரவர் ஏறும் படகிலேதான் நாமும் ஏறவேண்டும். இதை ஒரு குறையாகச் சிலர் கூறுவர். எனக்கோ இதுவே நமது தீவுப் பயணத்தின் சிறப்பாகத் தோன்றுகிறது.

நெடுந்தீவுக்கு நான் சென்ற வழியைச் சொல்கிறேன். கிளிநொச்சியிலிருந்து பூநகரி சென்று, 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம். அங்கிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வேலணை. மற்றொரு தாம்போதியால் புங்குடுதீவு. அதன் கோடியில் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். தென்றலும், பச்சை நீரும், தூரத்து வெண்மணலும் கண்ணைக் கவரும் என்பது உண்மைதான். என் கண்ணைக் கவர்ந்தவை படகிலிருந்த பொருள்கள். சீமெந்துப் பைகள், அரிசி மூட்டைகள், சமையல் வாயுச் சிலிண்டர்கள், ஒரு துவிச்சக்கர வண்டி, பாடசாலைக்குரிய புத்தகக் கட்டுகள் ஆகியன இருந்தன. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் முதியவர் ஒருவர் மருந்துப் பையை மடியில் வைத்தபடி கண் மூடியிருந்தார். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப்போன்ற வந்தேறிகள். ஊரவர் எவரும் கடலைப் பார்க்கவில்லை. வீதியில் நடப்பவன் வீதியைப் பார்த்து வியப்பதில்லையே!

நெடுந்தீவில் காணத்தக்கவை பல. பழைய கோட்டையின் இடிபாடு, சாந்தின்றி அடுக்கிய முருகைக்கல் வேலிகள், பெருக்குமரம், அந்நியர் ஆண்ட காலத்தில் கொண்டுவரப்பட்டுப் பின்னர் தாமே பெருகிய மட்டக்குதிரைகள் யாவும் பயண நூல்களில் இடம்பெறுவன. அந்நூல்களில் இடம்பெறாத ஒன்றும் அக்கடல் வழியில் இருக்கிறது. 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த ‘குமுதினி’ப் படகில் குழந்தைகளும் பெண்களும் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். நாம் புகைப்படம் எடுக்கும் அதே நீர்தான் அது. அந்நாளை ஆண்டுதோறும் நினைவுகூர்வோரும் அதே வழியிலேதான் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வருகின்றனர்.

தீவு என்றதும் தமிழ் படித்தவர் மனத்தில் மணிமேகலையின் மணிபல்லவம் தோன்றும். அது நயினாதீவே என்று கொள்வாரும் உளர். வேறு இடம் என்பாரும் உளர். அந்த விவாதம் இங்கு வேண்டாம். ஆபுத்திரன் கதையை மட்டும் நினைவுபடுத்த விரும்புகிறேன். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைச் சிந்தாதேவியிடம் பெற்றவன் அவன். நாட்டில் மழை பெய்து வளம் பெருகியதால் அவன் சோற்றை வேண்டுவார் இல்லாது போயிற்று. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்வியுற்று, அந்நாட்டாருக்கு உணவூட்டக் கப்பலேறினான். காற்றின் காரணமாகக் கப்பல் ஒருநாள் மணிபல்லவத்தில் தங்கியது. அவன் கரையிறங்கினான். அவன் திரும்பி ஏறிவிட்டான் என்று எண்ணிய மாலுமிகள் இரவிலே பாய்விரித்துப் போய்விட்டனர். ஆளற்ற தீவில், உலகுக்கெல்லாம் உணவளிக்கும் பாத்திரத்தைக் கையில் ஏந்தியபடி அவன் தனித்து நின்றான். உண்பார் இல்லாத இடத்தில் அதனைத் தான் ஒருவனே வைத்திருப்பதை அவன் விரும்பவில்லை. கோமுகிப் பொய்கையில் பாத்திரத்தை விட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

இக்கதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்று. இன்றைய உல்லாசப் பயண விளம்பரங்கள் எதனை மேலான இன்பமாகக் காட்டுகின்றன? ஆளரவமற்ற கரை, காலடி படாத மணல், நீயும் கடலும் மட்டுமே என்று ஆசை காட்டுகின்றன. சாத்தனார் காட்டிய ஆளற்ற தீவு அமுதசுரபியையும் பயனற்றதாக்கிய இடம். மனிதர் இல்லாத தீவு தமிழ்ப் புலவருக்குத் துன்பத்தின் இருப்பிடம். விளம்பரக்காரருக்கு அது சொர்க்கம். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்த இடைவெளியில் மாறியது தீவன்று, பார்ப்பவன் கண்.

அந்தக் கண்ணுக்கேற்பத் தீவுகளும் ஆக்கப்படுகின்றன. ஹெயிட்டி நாட்டின் வடகரையில் லபடீ என்னும் முனையை ஒரு கப்பற் கம்பனி 1986 முதல் குத்தகைக்கு எடுத்து, வேலியிட்டு நாட்டிலிருந்து பிரித்து, தன் பயணிகளுக்குரிய கடற்கரையாக நடத்தியது. 2010 ஜனவரியில் அந்நாட்டைப் பெரும் பூகம்பம் குலைத்த சில நாள்களிலே கப்பல் அங்கே வந்து நின்றது. நிவாரணப் பொருளும் கொண்டுவந்தார்கள். வேலிக்குள்ளே பயணிகள் கடலில் நீராடவும் செய்தார்கள். மாலைதீவில் 1972இல் உல்லாசத் தொழில் தொடங்கியபோது, குடியிருப்பற்ற தீவுகளையே விடுதிகளுக்கென ஒதுக்கினர். அந்நாட்டு மக்கள் வாழும் தீவுகளில் சிறு விருந்தினர் இல்லங்கள் நடத்த வழி பிறந்தது 2009க்குப் பின்னரே. அதன்பின்பே வந்தவர் மாலைதீவாரின் வீட்டுச் சமையலை உண்டனர். வீட்டுக்காரரும் வருமானத்தில் ஒரு பங்கைக் கண்டனர். இரண்டு வழிகளும் உலகில் இருக்கின்றன என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன். வேலியிட்ட தீவும் உண்டு. வாசல் திறந்த தீவும் உண்டு.

இனி நமது இரணைதீவுக்கு வருவோம். அங்கே வாழ்ந்தோர் மீன்பிடித்தும், நண்டும் கடலட்டையும் சேர்த்தும், ஆடுமாடு வளர்த்தும் சீவித்தவர்கள். கடல் வற்றும் நேரத்தில் ஆழமற்ற நீரில் இறங்கிப் பெண்களும் கையால் அட்டை பொறுக்குவர். 1992இல் யுத்தம் அவர்களைப் பெயர்த்தது. பெருநிலப்பரப்பில் முழங்காவிலுக்கு அண்மையில் இரணைமாதா நகர் என்று தம் தீவின் பெயரையே வைத்து ஒரு குடியிருப்பை அமைத்துக் காத்திருந்தனர். யுத்தம் 2009இல் முடிந்தது. தீவில் கடற்படை இருந்தது. குடியிருக்க அனுமதி கிட்டவில்லை. மனுக்கள் எழுதினர். 2017 மே முதலாம் திகதி போராட்டப் பந்தல் அமைத்து உட்கார்ந்தனர். ஏறத்தாழ ஒரு வருடம் சென்றது. 2018 ஏப்ரில் 23ஆம் திகதி காலை, எவருடைய அனுமதிக் கடிதத்துக்கும் காத்திராமல், வெள்ளைக் கொடி கட்டிய வள்ளங்களில் நூற்றுக்கணக்கானோர் ஏறித் தம் தீவை நோக்கிப் புறப்பட்டனர். கரையிறங்கி நேரே மாதா கோயிலுக்குச் சென்று வழிபட்டனர். கூரையற்ற வீடுகளுக்கு நடுவே தங்கிவிட்டனர். அதன் பின்னரே அவர்கள் தங்கியிருப்பதை அரசாங்கமும் ஏற்றுக்கொண்டது.

இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த அந்தக் கடற்பயணத்தை நான் பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அல்பேர்ட் பாலினின் கப்பலில் ஏறியவர்கள் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தீவுகளைச் சுற்றிப் பார்த்து வீடு திரும்பினார்கள். உல்லாசப் பயணத்துக்கு முதற் தேவை கப்பலன்று, காசுமன்று. திரும்பிச் செல்வதற்கு ஒரு வீடு. வீடு உள்ளவனுக்கே விடுமுறை உண்டு. இரணைதீவு மக்களுடைய வள்ளங்களோ வீட்டைத் தேடிப் போயின.

இரணைமாதா நகர்க் கரையில் ஒருமுறை வள்ளத்துக்காகக் காத்திருந்த வயோதிப மாது ஒருவரிடம், “அம்மா, தீவுக்கு அடிக்கடி போவீர்களா?” என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மாஸ்டர், தீவெண்டு நீங்கள்தான் சொல்லுறியள். நாங்கள் வீட்டை போறம்” என்றார். அவர் கையில் ஒரு பனையோலைப் பெட்டியும், பிளாஸ்ரிக் கானில் குடிநீரும் இருந்தன. அவருடைய பேரப்பிள்ளைகள் பாடசாலையின் பொருட்டு இக்கரையிலேயே தங்கியிருந்தார்கள். குடும்பத்தின் பாதி இங்கே, பாதி அங்கே. இரணை என்னும் சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் வந்துவிட்டதே என்று எண்ணினேன்.

2021ஆம் ஆண்டில் மற்றொரு சம்பவம் நிகழ்ந்தது. கொவிட் நோயால் இறந்த முஸ்லிம்களின் உடல்களும் தகனம் செய்யப்பட்டே ஆகவேண்டும் என்றிருந்த விதி தளர்த்தப்பட்டு, அடக்கம் செய்ய இடம் தேடியபோது, மார்ச் மாதத் தொடக்கத்தில் இரணைதீவு தெரிவு செய்யப்பட்டதாக அறிவிப்பு வந்தது. தீவு மக்கள் எதிர்த்தனர். இறந்தோரைத் தம் ஊரிலிருந்து வெகுதூரம் கொண்டுசென்று புதைப்பதை முஸ்லிம் மக்களும் விரும்பவில்லை. சில நாள்களில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. தீவைப் பற்றிய பேச்சு ஓய்ந்தது. இறந்தோருக்கு மண் கொடுப்பது அறம் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும் தேசப்படத்தின் முன் அமர்ந்து இடம் தேடியவர்களுடைய விரல் ஏன் இரணைதீவில் வந்து நின்றது? அது வெறும் தீவாகத் தோன்றியதனாலன்றோ? உல்லாசத்துக்கு ஆளற்ற கரையைத் தேடும் கண்ணும், அடக்கத்துக்கு ஆளற்ற நிலத்தைத் தேடும் கண்ணும் நோக்கத்தால் வேறுபடலாம். இரண்டுக்கும் அங்கே வாழும் மனிதர் தெரிவதில்லை.

இதனால் நான் தீவுப் பயணத்தை வெறுப்பவன் என்று எவரும் கருதவேண்டாம். பயணம் நல்லது. கடல் காணாத பிள்ளை புவியியலைப் பாதியே படிக்கிறது. குறிகட்டுவானில் படகேறும் மாணவன் பருவக்காற்றையும், நீரோட்டத்தையும், முருகைக்கல்லையும் ஒரே நாளில் கற்றுக்கொள்வான். நமது தீவுகளுக்கு வருவோர் தொகை பெருகினால் அங்குள்ள சிறுகடைக்கும், வள்ளக்காரருக்கும், சமைத்துக் கொடுக்கும் பெண்களுக்கும் நான்கு காசு கிடைக்கும். அதைத் தடுக்க நான் யார்?

வேண்டுவது முறைமை ஒன்றுதான். ஊரவர் போக்குவரத்துக்குரிய படகில் இடம் குறைவாயிருந்தால், நோயாளிக்கும் மாணவருக்கும் முதலிடம். பார்வையாளர் அடுத்த படகுக்குக் காத்திருக்கட்டும். தீவில் நல்ல தண்ணீர் அருமை. வருபவர் தம் தண்ணீரைக் கொண்டு செல்லட்டும், வெறும் போத்தலையும் திரும்பக் கொண்டு வரட்டும். உணவை நகரத்திலிருந்து கட்டிச் செல்லாமல் தீவில் வாங்கி உண்ணட்டும். விடுதி கட்ட முனைவோரும், கடலட்டைப் பண்ணை அமைக்க முனைவோரும், தீவாரின் ஒப்புதலையும் பங்கையும் பெற்ற பின்னரே கால் வைக்கட்டும். ஒரு வீட்டுக்குள் நுழைபவன் வாசலில் நின்று குரல் கொடுப்பது நம்மவர் வழக்கம். தீவுக்கு வாசல் அதன் இறங்குதுறை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் புவியியற் பாடத்துக்குத் தேசப்படத்தை விரிக்கும்போது, பூநகரிக்குத் தென்மேற்கே கடலில் இரண்டு சிறு புள்ளிகள் தெரியும். அச்சு மங்கலாயிருந்தால் பென்சிலால் குறித்துக் காட்டுங்கள். பெயரைச் சொல்லுங்கள், பெயரின் பொருளைச் சொல்லுங்கள். 1992, 2018 என்னும் இரண்டு ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதி, இடையில் எத்தனை ஆண்டுகள் என்று பிள்ளைகளைக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கைச் செய்து பார்த்த பிள்ளை, பின்னொரு காலத்தில் எந்தக் கப்பலில் ஏறி எந்தத் தீவில் இறங்கினாலும், மணலைப் பார்ப்பதற்கு முன் அங்கே வாழ்பவரைத் தேடிப் பார்க்கும்.